கரையான் தொடாத கட்டை

தொரப்பள்ளி
8 அக்டோபர் 2023

அன்புத் தங்கை ப்ரீதாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நான், ரெஜினா, தொழுவத்தில் மூன்று மாடு, எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கும் உங்கள் மடத் தலைவி மதர் சுகத்துக்கும் எழுது. நீ வெளியே வராத அடைப்பு மடத்துக்குள் போய் நான்கு வருஷமாகியும் உனக்குக் கடிதம் எழுதும் பழக்கம் எனக்கு வரவில்லை. போனை எடுத்து உன் பேரைத் தேடிவிட்டு, அப்புறம்தான் பேனாவைத் தேடுகிறேன்.

இங்கே ஒரு தொல்லை. நம் புதினாவையும் கொத்தமல்லியையும் வாங்குகிற பெங்களூர் கம்பெனிக்காரர்கள் போன மாதம் ஒரு லோடு முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இலையில் கிருமியாம். மேட்டுப் பக்கத்து மாட்டுப் பண்ணையில் கழுவிவிடுகிற தண்ணீரும் நம் வயல் வடிகாலும் சேர்ந்துதான் நம் தொட்டிக்கு வருகிறது. அதையே பாய்ச்சுகிறோம், பறித்த இலையை அதிலேயே அலசுகிறோம். போர் தண்ணீர் வீட்டுக்கே சரியாக இருக்கிறது, வேறு தண்ணீருக்கு எங்கே போக?

விவசாயப் பயிற்சி ஒன்றில் கரி வடிகட்டி பற்றிச் சொன்னார்கள். பயோசார் என்று பெரிய பேர். நமக்குக் கரிதான். மாந்தோப்பில் கவாத்து செய்த கிளைகளை டிரம்மில் போட்டு, காற்றுப் புகாமல் மூடிச் சுட்டேன். சிமெண்ட் உறைகளில் ஜல்லி, மணல், கரி என்று அடுக்கி, வடிகால் தண்ணீரை அதன் வழியாகத் தொட்டிக்கு விட்டிருக்கிறேன். லேப்பில் கொடுத்துப் பார்த்ததில் பத்தில் ஒன்பது பங்கு கிருமி போயிருக்கிறதாம். பிளஸ் டூவுக்குக் கெமிஸ்ட்ரி எடுத்தவள் நீ. இது சரியா, சொல்.

உன் அண்ணன்,
ஜேம்ஸ்


மடம்
27 அக்டோபர் 2023

அன்பு அண்ணனுக்கு,

மரியே வாழ்க. நான் நலம். மதருக்கு முழங்கால் வலி, மற்றபடி திடம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். இவ்வளவு நீளமான கடிதத்தை உங்களிடமிருந்து வாங்க ஒரு கிருமி வரவேண்டியிருக்கிறது!

செய்திருப்பது சரியான வேலை. கரியின் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். கிருமிகள் அதில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் கரி அவற்றைக் கொல்வதில்லை, பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். துளை நிறைந்ததும் அதற்கு மேல் வருவதை விட்டுவிடும். அதனால் கரியை அவ்வப்போது மாற்றுங்கள். பத்தில் ஒரு பங்கு எப்போதும் தப்பிவரும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இலை அலச மட்டும் நல்ல தண்ணீர் வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்றை நினைவூட்டுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தைய தவக்காலத்திலும் இங்கே கடிதம் எழுதவும் மாட்டோம், வாங்கவும் மாட்டோம். வருவதை மதர் எடுத்துவைத்து, திருநாளன்று கொடுப்பார். என் மௌனத்தைக் கோபமென்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் தங்கை,
ப்ரீதா


தொரப்பள்ளி
20 நவம்பர் 2023

அன்புத் தங்கைக்கு,

கர்த்தர் புண்ணியத்தில் சுகம். இதை நீ திருவருகைக் காலத்துக்கு முன் படித்துவிடவேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

பத்தில் ஒன்பது போதாது என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கவாத்துக் கிளையும் தீர்ந்துபோயிற்று. ஓசூர் தாண்டி ஒரு ஷெட்டில் வெங்கடப்பன் என்பவர் கரி சுடுகிறார். தெலுங்குக்காரர், நல்ல பேச்சு. அவரிடம் வாங்கி நிரப்பினேன். அது கரியாக இல்லை, கண் மை மாதிரி அவ்வளவு நைசு.

போன வாரம் ரிப்போர்ட் வந்தது. பூஜ்யம்! கிருமி ஒன்றுகூட இல்லை. லேப்பில் இருந்த பெண், "ஏங்க, போர் தண்ணிய மாத்திக் கொண்டாந்துட்டீங்களா?" என்று கேட்டு, மறுபடி ஒரு பாட்டில் வாங்கிச் சோதித்தாள். மறுபடியும் பூஜ்யம். தொட்டியின் அடிமணலை எண்ணலாம் போல அவ்வளவு தெளிவு. பாசிகூடப் பிடிக்கவில்லை. தவளைச் சத்தம் நின்று ரெஜினா நிம்மதியாகத் தூங்குகிறாள்.

ஊத்தங்கரையில் விவசாயிகள் கூட்டம். என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நம் அப்பா இருந்திருந்தால் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்திருப்பார்.

பெருமையுடன்,
ஜேம்ஸ்


மடம்
30 நவம்பர் 2023

அன்பு அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. சுகமாக இருக்கிறீர்கள் என்று படித்து மகிழ்ந்தேன். மேடையில் நிற்கும் உங்களைக் கற்பனை செய்து பார்த்துச் சிரித்தேன். மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அண்ணே, இரண்டு முறை படித்த பிறகும் அந்தப் பூஜ்யத்தை என் மனம் ஏற்கவில்லை. பத்தில் ஒன்பது என்றபோது நம்பினேன். இது நம்ப முடியாத நல்ல செய்தியாக இருக்கிறது. கிருமி போகலாம். பாசி ஏன் போகவேண்டும்? தவளை ஏன் போகவேண்டும்? பிடித்து வைக்கிற கரி அவற்றை ஒன்றும் செய்யாதே.

அந்தக் கரி என்ன மரத்தில் சுட்டது என்று கேட்டு எழுதுங்கள். அந்தத் தண்ணீரை யார் யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். கிறிஸ்துமஸ் அன்று உங்கள் பதில் என் கையில் இருக்கவேண்டும்.

பிறக்கப்போகும் பாலகன் உங்கள் வீட்டைக் காக்கட்டும்.
ப்ரீதா


தொரப்பள்ளி
6 ஜனவரி 2024

அன்புத் தங்கைக்கு,

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள். பதில் தாமதித்ததற்கு மன்னித்துக்கொள். வேலை தலைக்கு மேல். உடம்பு சுகமே. கேக் அனுப்பலாமென்றால் உங்கள் மடத்தில் வாங்குவார்களோ மாட்டார்களோ என்று ரெஜினாவுக்குச் சந்தேகம்.

ஊத்தங்கரைக் கூட்டம் நன்றாக நடந்தது. ரிப்போர்ட்டைத் தூக்கிக் காட்டினேன், கைதட்டினார்கள். சாமல்பட்டியிலிருந்து வந்த வெள்ளைச்சாமி என்ற பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஊர்ல கோழிப் பண்ணைத் தண்ணி வந்து சேருதுங்க, நானும் இத போட்டுடறன்" என்றார். அவரும் இன்னும் சிலரும் வெங்கடப்பனிடம் கரிக்குச் சொல்லிவிட்டார்கள். கம்பெனி வண்டி இப்போது வாரம் மூன்று தடவை வருகிறது.

மழை ஏமாற்றிவிட்டது. போர் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. கட்டை நல்ல கட்டைதான், கவலைப்படாதே.

அன்புடன்,
ஜேம்ஸ்


மடம்
22 ஜனவரி 2024

அன்பு அண்ணனுக்கு,

நலமே. கேக்கை வாங்குவார்கள் என்று அண்ணியிடம் சொல்லுங்கள்.

நல்ல கட்டை என்றால் என்ன கட்டை? தண்ணீரை யார் பயன்படுத்துகிறார்கள் என்றும் கேட்டிருந்தேன். அதை நீங்கள் தொடவே இல்லை. வெங்கடப்பனின் ஷெட்டுக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? போகாமலே ஊர்க்காரர்களிடம் சொல்லியிருந்தால், ஒரு தடவை போய் உங்கள் கண்ணால் பாருங்கள். பிப்ரவரி நடுவில் தவக்காலம் தொடங்குகிறது. அதற்குள் எழுதுங்கள். கண்டிப்பாக எழுதுங்கள்.

ஜெபத்துடன்,
ப்ரீதா


தொரப்பள்ளி
12 பிப்ரவரி 2024

அன்புத் தங்கைக்கு,

இயேசுவுக்கே புகழ். எல்லாரும் சுகம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன் இது வந்து சேருமோ என்னவோ.

நீ கோபித்துக்கொண்டாய் என்று தெரிகிறது. உனக்காகவே வெங்கடப்பன் ஷெட்டுக்குப் போனேன். வெளிநாட்டிலிருந்து மெஷின் வருகிற பெட்டிகள், கழித்துப்போட்ட கம்பங்கள் எல்லாவற்றையும் பேக்டரிகளில் மொத்தமாக வாங்கி வந்து சுடுகிறார். அத்தனையும் வழவழப்பான நல்ல பலகை. ஓரங்களில் லேசாகப் பச்சை ஓடியிருக்கிறது. "இது சாதா கட்டை இல்லீங்க. பத்து வருசம் மழையில கெடந்தாலும் கரையான் தொடாது" என்றார். கரையானே தொடாத கட்டை என்றால் எவ்வளவு சுத்தம் பார். இப்போது உனக்குச் சமாதானமா?

தண்ணீர் பற்றியும் கேட்டாய். போர் நின்றுவிட்டது. வீட்டுக்குக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். வயலில் பறிக்க வருகிற பெண்களுக்கெல்லாம் கேன் வாங்கிக் கட்டாது. ரிப்போர்ட்தான் பூஜ்யமாயிற்றே, தொட்டித் தண்ணீரையே ஒரு டிரம்மில் பிடித்து வைத்தேன். நஞ்சம்மாவை நீ பார்த்ததில்லை. கெலமங்கலம் பக்கத்துக்காரி. கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாள். பறிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் டம்ளரை என்னிடம் நீட்டி, "நீ குடிண்ணா மொதல்ல. அப்புறம் நாங்க குடிக்கறோம்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் மற்ற மூன்று பெண்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்தேன். அன்றிலிருந்து வயலில் இருக்கும்போது நானும் அதைத்தான் குடிக்கிறேன். அவர்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்றா? லேசாக இரும்பு ருசி, அவ்வளவுதான். வெயிலில் தேவாமிர்தம்.

உன் அண்ணன்,
ஜேம்ஸ்


தொரப்பள்ளி
18 மார்ச் 2024

அன்புத் தங்கைக்கு,

சுகம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், பேனா சரியில்லை.

நீ இப்போது படிக்கமாட்டாய் என்று தெரிந்தும் எழுதத் தோன்றுகிறது. வெயில் இந்த வருஷம் ரொம்ப அதிகம். பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. செருப்பு எப்போது கழன்று விழுந்ததென்றே தெரிவதில்லை. வயிறும் சரியில்லை. சூடு என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். சினை மாடு மாதம் நிறையாமலே கன்றைப் போட்டுவிட்டது. நஞ்சம்மா வாந்தி என்று வீட்டுக்குப் போனாள், இன்னும் வரவில்லை. அவள் வராததால் வேலை தேங்குகிறது. மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அவர்கள் பார்க்கிறார்கள் என்றே நான் இப்போது இரண்டு டம்ளராகக் குடிக்கிறேன்.

ரெஜினாவிடம் இதெல்லாம் சொல்லவில்லை. நீயும் எழுதாதே.

எங்களுக்காக வேண்டிக்கொள்.
ஜேம்ஸ்


மடம்
1 ஏப்ரல் 2024

அண்ணே,

குடிக்காதீர்கள். யாரையும் குடிக்க விடாதீர்கள். இதைப் படித்த நிமிஷம் அந்த டிரம்மைக் கவிழ்த்துவிட்டு, பறிக்க வந்த எல்லாரையும் அழைத்துக்கொண்டு பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நேற்று உயிர்ப்புத் திருநாள். பூசை முடிந்து மதர் உங்கள் இரண்டு கடிதங்களையும் சேர்த்துக் கையில் கொடுத்தார். முதல் கடிதம் சாம்பல் புதனுக்கு மறுநாளே வந்திருக்கிறது. தவக்காலம் முழுவதும் நான் தண்ணீருக்காகத் தவிக்கிறவர்களுக்காக ஜெபித்தேன். உங்கள் கடிதம் மதரின் அலமாரியில் இருந்தது.

கரையான் தொடாத கட்டை கிடையாது, அண்ணே. கரையான் தொடக்கூடாதென்று விஷத்தில் ஊறவைத்த கட்டைதான் உண்டு. செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து. அந்தப் பச்சை அதன் நிறம். ஆர்சனிக்கை நம் ஊரில் பாஷாணம் என்பார்கள். நெருப்பில் மரம்தான் எரியும். விஷம் கரியிலேயே தங்கி, ஓடும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அந்தக் கரி கிருமியைப் பிடிக்கவில்லை, கொன்றிருக்கிறது. பாசியையும் தவளையையும் கொன்றது. அந்த லேப்பில் கிருமியை மட்டும் தேடினார்கள். இதைத் தேடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மதர் தன் போனைக் கொடுத்து, இந்த மடத்தில் இதுவரை இல்லாத வழக்கமாக என்னையே பேசச் சொன்னார். உங்கள் எண் ஒன்றுதான் எனக்கு மனப்பாடம். நேற்று மாலை வரை அடித்துப் பார்த்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. இன்று காலை அதுவும் நின்றுவிட்டது. ஸ்பீடு போஸ்டில் இதை அனுப்புகிறேன்.

டாக்டரிடம் இந்தக் கடிதத்தை அப்படியே காட்டுங்கள். என்ன குடித்தீர்கள் என்று மறைக்காதீர்கள்.

ப்ரீதா


தொரப்பள்ளி
16 ஏப்ரல் 2024

அன்பு நாத்தனார் ப்ரீதாவுக்கு,

அண்ணி ரெஜினா எழுதுவது. நான் திடமாக இருக்கிறேன். உன் அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதைக்குக் கோயிலுக்குப் போனோம். ஐந்தாவது ஸ்தலத்தில் முழங்காலிட்டவர் எழுந்திருக்கவில்லை. கால் இருப்பதே தெரியவில்லை என்றார். பெங்களூருக்குக் கொண்டுபோனோம். போன் மோட்டார் ஷெட்டில் கிடந்திருக்கிறது, அதைத் தேட எனக்கு நினைவில்லை. அங்கே நரம்புக் கோளாறு என்று சொல்லி என்னென்னவோ ஊசி போட்டார்கள். பக்கத்து வீட்டுப் பையன் உன் கடிதத்தை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொடுத்தான். படித்ததும் ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் நீட்டினேன்.

அவர் படித்துவிட்டு உன் அண்ணனின் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். எல்லா நகத்திலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. சுண்ணாம்பால் இழுத்த மாதிரி. "இத நான் மொதல்லயே பாத்திருக்கணும்மா" என்றார். சிறுநீரைச் சோதித்தார்கள். நீ எழுதியது சரி. இப்போது அதற்கு மருந்து போகிறது. கால் மெதுவாகத் திரும்பலாமாம். விரலில் பேனா நிற்கவில்லை.

மற்ற மூன்று பெண்களையும் அழைத்துப்போய்க் காட்டினேன். அவர்களுக்கும் இருக்கிறது, ஆனால் குறைவு. நஞ்சம்மா மார்ச் கடைசியிலேயே இறந்துவிட்டாள். வயிற்றுப்போக்கு என்று நினைத்து வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். அவள் மகளிடம் போய் நான்தான் சொன்னேன். அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த அண்ணாவும் குடிச்சாருன்னுதான் எங்கம்மா குடிச்சா" என்று மட்டும் சொன்னாள்.

வெங்கடப்பனின் ஷெட் காலி. போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். தொட்டியை மூடி முத்திரை வைத்துவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் இனி இலை வேண்டாம் என்று ஒரு வரி அனுப்பினார்கள். நவம்பரிலிருந்து அவர்கள் ஏற்றிக்கொண்டு போன இலையை யார் சாப்பிட்டார்கள் என்று அவர்களும் கேட்கவில்லை, யாரிடம் கேட்பதென்று எங்களுக்கும் தெரியவில்லை.

உன் அண்ணன் தூக்கத்தில் சாமல்பட்டி, சாமல்பட்டி என்கிறார்.

ரெஜினா


தொரப்பள்ளி
6 மே 2024

அன்புத் தங்கை ப்ரீதாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல ரெஜினா எழுதுகிறாள். கோல் ஊன்றிக்கொண்டு நடக்கிறேன். நீயும் மதரும் சுகம் என்று நம்புகிறேன். அலமாரியை நினைத்து நீ உன்னை வருத்திக்கொள்வாய் என்று தெரியும். நவம்பரிலேயே நீ கேட்டாய். நான்தான் போய்ப் பார்க்கவில்லை.

வெள்ளைச்சாமிக்குப் பத்துத் தடவை போன் செய்தோம். முதலில் எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் வைத்துவிட்டார், பிறகு எடுக்கவே இல்லை. நேற்று ரெஜினாவும் நானும் ஊத்தங்கரைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து சாமல்பட்டிக்குப் போனோம்.

வீட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், நஞ்சம்மா வரைக்கும். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க மேடையில பேசினதக் கேட்டுத்தான் போட்டன். இப்ப நீங்களே வந்து ஒடைச்சுப் போடுங்கறீங்க. என்னங்க இது?"

"தப்புப் பண்ணிட்டன் பெரியவரே. என்ன நம்பாதீங்க. தண்ணிய மட்டும் குடிக்காதீங்க."

"எங்க போருந்தான் வத்திப்போச்சு. லாரித் தண்ணி வாரத்துக்கு ஒருக்கா வருது. பின்ன எத குடிக்கறது?" உள்ளே போய் ஒரு கண்ணாடிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அவருடைய ரிப்போர்ட். சாமி படம் மாதிரி மாட்டி வைத்திருக்கிறார். "பாருங்க. பூஜ்யம். கெவருமெண்டு லேப்பு. உங்களுக்கு யாவாரம் போச்சுன்னு எங்க யாவாரத்தையும் கெடுக்க வந்தீங்களா?"

ரெஜினா அழ ஆரம்பித்தாள். அப்போது அவர் மருமகள் லாவண்யா ஒரு சொம்பும் இரண்டு டம்ளரும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நிறை மாதம். வெயிலில் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வந்திருக்கிறாள், பாவம். தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தது தெரியுமா, சொம்பின் அடி தெரிந்தது. என் முன்னால் நீட்டினாள்.

நான் இரண்டு கையையும் அவளுக்கு முன்னால் விரித்தேன். என் நகங்களைப் பார்த்தாள். வெள்ளைக் கோடு இப்போது நக நுனி பக்கம் நகர்ந்திருக்கிறது, ஆனாலும் பத்து விரலிலும் நன்றாகத் தெரியும். "இந்தத் தண்ணி குடிச்சா இது வரும்மா" என்றேன்.

அவள் குனிய முடியாமல் குனிந்து சொம்பைத் தரையில் வைத்தாள். பிறகு மரத்தடியை விட்டு வெயிலுக்கு நகர்ந்து போய், தன் கையைத் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

வெள்ளைச்சாமி இன்னும் ரிப்போர்ட்டை என் முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா" என்றாள். அவர் திரும்பவில்லை. மறுபடியும், "மாமா, இங்க வாங்களேன்" என்றாள்.

நாங்கள் வந்த ஆட்டோவிலேயே அவளை ஊத்தங்கரைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றினோம். வெள்ளைச்சாமி முன்னால் ஏறி உட்கார்ந்தார். அந்தச் சட்டத்தைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை அசைகிறதா என்று ரெஜினா அவளைக் கேட்டாள். காலையில் அசைந்தது என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நாளை கல்லாவிக்குப் போகிறோம். அங்கே ஒரு வீட்டில் இந்தக் கரியைப் போட்டிருக்கிறார்களாம். அதற்கு அடுத்தது எங்கே என்று அங்கே போய்த்தான் கேட்கவேண்டும்.

உன் அண்ணன்,
ஜேம்ஸ்
(எழுதியது ரெஜினா)